பாஸ்கட் பால் படமும் செத்துப்போன அத்தையும்

திரையில் அந்தப் பையன் அந்தப் பெண்ணின் முகத்தருகே தன் முகத்தைக் கொண்டுபோன நொடியில், மங்கை டீச்சர் டி.வி.க்கு முன்னால் பாய்ந்தாள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கைலாசம்! ஓட்டுங்க! முன்னால ஓட்டுங்க!"

வீடியோ கடை கைலாசம் ரிமோட்டைத் தொடையில் தட்டினார். "பட்டன் அழுந்த மாட்டேங்குது டீச்சர்."

அவள் முதுகுக்குப் பின்னால் வயலின் இழுத்துக்கொண்டே போனது. எதிரே பாய்களில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள்.

மங்கை, காஞ்சிபுரத்தில் ஒரு மகளிர் பள்ளியின் விளையாட்டு டீச்சர். அவளுடைய பாஸ்கட் பால் அணி மாவட்டத்தில் ஜெயித்து, மாநிலப் போட்டிக்குச் சேலம் போக வேண்டும். போன வருஷமும் இப்படித்தான் ஜெயித்தார்கள். "வயசுப் பொண்ணு, வெளியூர்ல ராத்தங்கலா?" என்று ஒரு வீட்டிலும் அனுப்பவில்லை. ஆடாமலே தோற்றார்கள். அதற்கப்புறம் அணியிலேயே உயரமான அபிநயா, பல நாள் மைதானத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

இந்த வருஷம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை, ஒரு படம் போட்டுக் காட்டிவிட்டுக் கேட்கலாம் என்று மங்கைக்குத் தோன்றியது. குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி ஒரு பாஸ்கட் பால் படம் இருக்கிறதா என்று கைலாசத்தைக் கேட்டாள். அவர் ஒரு சி.டி. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பந்து இருக்குது, பொண்ணு இருக்குது, அப்பனும் இருக்கான். குடும்பப் படம்தான் டீச்சர்."

இங்கிலீஷ் படம். நானே பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரையும் பள்ளிக்கூட ஹாலுக்கு வரவழைத்துவிட்டாள். அணிப் பெண்களை மட்டும் வெளியே பந்தோடு விட்டிருந்தாள். முன்கூட்டியே படத்தைப் பார்க்க அவளிடம் சி.டி. பிளேயர் இல்லை.

வயலின் ஓய்ந்தது. மங்கை தலைப்பை இறக்கினாள்.

"அந்தப் பையன் யாரு டீச்சர்?"

கேட்டவர் துரைக்கண்ணு. அபிநயாவின் அப்பா, பக்கத்துக் கிராமம் தாமல்காரர். அவர் தலையாட்டினால்தான் மற்றவர்கள் ஆட்டுவார்கள். பக்கத்தில் அவர் மனைவி ஜெயம்மாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"அண்ணன்" என்றாள் மங்கை.

"கூடப் பொறந்தவனா?"

"கூடப் பொறந்தவன்தான். ரொம்பப் பாசம்."

துரைக்கண்ணு மெல்லத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து ரிமோட் வேலை செய்தது. படம் துள்ளிக் குதித்து எங்கேயோ போய் நின்றது. அங்கே பெண்ணின் அப்பா, அதே பையனின் சட்டையைப் பிடித்து இழுத்து வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"பெத்த புள்ளைய எதுக்கு இப்படித் தள்றான்?"

"பெத்த புள்ளைன்னு இல்ல. அத்தை பையன். அண்ணன் மாதிரி."

"இப்பத்தான கூடப் பொறந்தவன்னீங்க?"

"கூடவே வளந்தான். அவங்க அம்மா, அதாவது அத்தை, செத்துட்டாங்க. அதனால இவங்க வீட்லயே இருக்கான்."

"அடப் பாவமே. எப்படிச் செத்தாங்க?"

"காய்ச்சல்ல."

பின்வரிசையில் ஒரு அம்மா உச்சுக்கொட்டினாள். மங்கைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இரக்கம் வந்துவிட்டது, இனி பயமில்லை.

முதல் சி.டி. முடிந்தது. கைலாசம் இரண்டாவதை ஊதித் துடைத்துப் போட்டார். திரையில் ராத்திரி. அந்தப் பெண் ஜன்னல் வழியாகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானும் குதித்தாள்.

மங்கை பெற்றோர்கள் பக்கம் திரும்பினாள். எந்தப் பயத்தைப் போக்க இவர்களைக் கூட்டி வந்தாளோ, அதையே கண்ணெதிரே ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க டீச்சர் போறா?" துரைக்கண்ணுவின் குரல் இறங்கியிருந்தது.

"கோயிலுக்கு."

"ஜன்னல் ஏறிக் குதிச்சா?"

"அவங்க ஊர்ல விடியக்காலைப் பூஜை ரொம்ப விசேஷம். அப்பா தூங்கறாரு, எழுப்பக் கூடாதுன்னு."

"பை எதுக்கு?"

"பூ, பழம்."

தெருமுனையில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்தப் பையன் காத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா இல்லாத புள்ளையும் கோயிலுக்கு வந்துட்டான்" என்றார் துரைக்கண்ணு. யாரோ இருமினார்கள்.

நல்லவேளையாக ஆட்டம் வந்தது. கடைசி ஆட்டம். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தோற்கப்போகிற நேரத்தில் அந்தப் பெண்ணின் கைக்குப் பந்து போனது. மங்கை எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவளும் வாய் பிளந்து பார்த்தாள். பந்து வளையத்துக்கு வருவதற்கு முன்னாலேயே துரைக்கண்ணு எழுந்து கைதட்டிவிட்டார். அப்புறம்தான் பந்து விழுந்தது. திரையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்த அப்பா, மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். எதிரே இரண்டு மூன்று முந்தானைகள் கண்ணுக்குப் போயின.

இதுதான் சமயம் என்று மங்கை தொண்டையைச் செருமினாள். "நான் உங்க எல்லாரையும் கூப்பிட்டது எதுக்குன்னா..."

மணி அடித்தது. திரையில் சர்ச். வெள்ளை உடுப்பில் அந்தப் பெண். பக்கத்தில் கோட்டு சூட்டில் அந்தப் பையன்.

"இன்னா டீச்சர், அண்ணனையே கட்டிக்கிறா?"

"அத்தை பையன்தானே! முறைதான்!" மங்கை ஏறக்குறைய கத்தினாள்.

"முறைதான், ஒத்துக்கறேன். செத்துப்போன அத்தையோட ஆத்மா சாந்தி அடைஞ்சிருக்கும்."

துரைக்கண்ணு சொல்லி முடிக்கவில்லை. கொழுத்த ஒரு அம்மாள் திரைக்குள் ஓடி வந்து, மாப்பிள்ளையின் இரண்டு கன்னத்தையும் பிடித்து, எல்லாருக்கும் புரிகிற இங்கிலீஷில் "மை சன்! மை சன்!" என்று கூவினாள்.

மங்கை டி.வி.யை அணைத்தாள்.

வெளியே பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டது. துரைக்கண்ணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அத்தனை கோபம் என்று மங்கை நினைத்தாள். முடிந்தது. சேலமும் போயிற்று, நாளைக்குத் தலைமையாசிரியை அறையில் நிற்கவும் வேண்டும்.

"பொய் சொல்லிட்டேன்" என்றாள். "அவன் அண்ணனும் இல்ல, அத்தை பையனும் இல்ல. அவ கோயிலுக்கும் போகல, வீட்ட விட்டுத்தான் போனா. போன வருஷம் உங்க பொண்ணுங்க அழுததை நான் பாத்தேன். இந்த வருஷமும் அழக் கூடாதுன்னு நெனச்சேன். அவங்கள அனுப்பலன்னா ஜன்னல் ஏறியெல்லாம் குதிக்க மாட்டாங்க. பேசாம வீட்லயே உக்காந்திருப்பாங்க. அதான் எனக்குத் தாங்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் முதலில் எழுந்து போகப்போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெயம்மாள் வெற்றிலையைக் கன்னத்தின் ஓரம் ஒதுக்கிக்கொண்டு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"இன்னாத்துக்கு டீச்சர் அழுறீங்க, இந்தப் படத்தத் தமிழ்ல பேச வெச்சு போன வாரமே கேபிள்ல போட்டாங்க, பாத்த அன்னிக்கே பொண்ணுங்கள சேலம் அனுப்பறதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டோம், உங்க கதை அதவிட நல்லாப் போய்க்கினு இருந்துச்சேன்னுதான் யாரும் சொல்லல!"