மாட்டுக்குப் போன ஈஸ்ட்

ஒண்டிக்கடை, ஏற்காடு
14.11.1987, சனிக்கிழமை

சேலத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவரும், என் தங்கை ரஹமத் பீவியின் கணவருமான மதிப்பிற்குரிய மச்சான் சையத் இப்ராஹிம் அவர்களுக்கு, ஒண்டிக்கடை ரொட்டிக்கடை ஜாபர் அலி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு நானும் ஹலீமாவும் பிள்ளைகளும் நலம். தங்கள் நலத்துக்கு ஐந்து வேளையும் துவா செய்கிறோம். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

ஆகஸ்ட் மாதம் நீங்கள் இங்கே வந்து, ஹலீமா செய்த பிரியாணியை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, கை கழுவுவதற்கு முன்னாலேயே எனக்கு வியாபாரம் சொல்லித் தந்தீர்களே, நினைவிருக்கிறதா? வியாபாரிகள் சங்கத்தில் பம்பாய்க்காரர் யாரோ பேசினாராம். "அலமாரியில தூங்குற சரக்கு செத்த சரக்கு மச்சான்! அன்னன்னைக்கு வேணுங்கறதை அன்னன்னைக்கு வாங்கோணும். இனி தினமும் முதல் பஸ்ல புத்தம்புது ஈஸ்ட் அனுப்பறேன்" என்றீர்கள். மழைக்காலத்துக்கு முன்னால் மூன்று மாதத்துக்கான உலர்ந்த ஈஸ்ட் டின்களை வாங்கி அடுக்குவது பதினைந்து வருடமாக என் வழக்கம். அதைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது. டின் வாங்குவதை நிறுத்தினேன். அலமாரி காலியானது. மறுநாளே ஹலீமா அதில் புடவைகளை அடுக்கிவிட்டாள். புத்தி கெட்டுப் போனவன் நான்தான், ஆனால் கெடுத்தது யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி மழை பிடித்தது, ஆறாம் தேதி மலைப்பாதையில் மண் சரிந்தது. கீழே இருந்து வரும் பஸ் பதிமூன்றாவது வளைவோடு நின்றுவிடுகிறது. ஜனங்கள் சேற்றில் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் நிற்கும் இன்னொரு பஸ்ஸில் ஏறி வருகிறார்கள். மூன்று நாள் உங்கள் சரக்கு வரவே இல்லை. நாலாம் நாள் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? மேல் பஸ் கண்டக்டர் கந்தசாமி நல்ல மனுஷன், அதுதான் வினை. "மழையில நனையுதுங்களே பாய், பாவம்னு இன்ஜின் மூடி மேல வெச்சுட்டனுங்க. நொம்ப சூடா கொண்டாந்திருக்கறேன், தொட்டுப் பாருங்க!" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். உயிருள்ள ஈஸ்டை இன்ஜின் மேல் வைத்து வேகவைத்துக் கொண்டுவந்திருக்கிறார், அவரை நான் என்னவென்று திட்டுவது? அதைப் போட்டுப் பிசைந்த மாவு, வைத்தது வைத்தபடி கிடந்தது. இருநூறு ரொட்டி சுட்டேன். இருநூறும் கல். ஜீப்காரர் ஒருவர் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு கேட்டு வாங்கிப் போனார்.

பள்ளிக்கூட ஹாஸ்டல் சமையலறைப் பொறுப்பாளர் தெரசம்மாள் அந்த ரொட்டியில் ஒன்றை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தார். "பாய், சின்னப் பிள்ளைங்களுக்கு இப்பத்தான் பல்லு முளைக்குது. திங்கட்கிழமைக்குள்ள நல்ல ரொட்டி வரலைன்னா, ரோடு திறந்ததும் சேலத்து ரொட்டிக்காரங்களுக்கே ஆர்டரைக் குடுத்துருவேன்" என்றார். மச்சான், மழைக்காலத்தில் ஒரு டூரிஸ்ட்டும் மலையேறுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஹாஸ்டல் ஆர்டர் ஒன்றுதான் என் அடுப்பை எரியவைக்கிறது. அது போனால் கடையைச் சாத்திவிட்டு உங்கள் கடையில் மூட்டை தைக்க வரவேண்டியதுதான்.

டிரங்க் கால் போட்டுக் கத்தினேன். நீங்களும் உலர்ந்த ஈஸ்ட் அனுப்பினீர்கள். எப்படி? பழுப்புக் காகிதத்தில் சுற்றி, பெயர்கூட எழுதாமல், "ஏற்காடு, அவசரம்" என்று மட்டும் எழுதி! ஏற்காட்டில் அவசரம் எனக்கு மட்டுமா? அதே பஸ்ஸில் மஞ்சக்குட்டை முனியப்பனுக்குக் கறவை மாட்டு மருந்துப்பொடி வந்திருக்கிறது, அதுவும் பழுப்புக் காகிதத்தில். சேற்றில் ஆளுக்கு ஆள் கைமாற்றியதில் இரண்டும் இடம் மாறிவிட்டன. நான் பிரித்தால் சுக்கு, பெருங்காயம், இந்துப்பு வாசனை மூக்கில் அடிக்கிறது. அவரோ என் ஈஸ்டை வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி மாட்டுக்குப் புகட்டிவிட்டார். ஈஸ்டைப் பொங்கவைக்க நான் பாத்திரத்தில் என்னென்ன செய்வேனோ, அவ்வளவையும் அவர் மாட்டு வயிற்றுக்குள் செய்துவிட்டார்.

மறுநாள் காலை கந்தசாமியிடம் விசாரித்துக்கொண்டு வந்து, கடை வாசலில் நின்று கத்தினார். "ஏனுங்க பாய், எம்மாட்டுக்கு என்னத்தைங்க குடுத்துவுட்டீங்க? வயிறு மத்தளமாட்டம் உப்பிக் கெடக்குதுங்க!" நீங்கள் அனுப்பிய பொட்டலத்துக்கு நான் ஏச்சு வாங்கினேன். என்னிடம் வந்திருந்த அவருடைய மருந்துப்பொடியை எடுத்துக்கொண்டு மஞ்சக்குட்டைக்கே போய், அதை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, ரொட்டிக்காரனாகிய நான் மத்தியானம் வரை மாட்டு வயிற்றை நீவிவிட்டேன். மாடு பிழைத்தது. அல்ஹம்துலில்லாஹ். பிறகு ஹாஸ்டல் ஆர்டர் கைவிட்டுப் போகவிருக்கும் கதையை அவர்களிடம் சொன்னேன். அதைக் கேட்டு முனியப்பன் சம்சாரம் மாதம்மாள் சொன்னார்: "ரொட்டி பொங்கோணும், அவ்வளவுதானுங்களே? எங்கூட்டு இட்டிலி மாவு பானையை விட்டு வழியுதுங்க. அதைய ஊத்திப் பாருங்க பாய்."

ரொட்டிக்கு இட்லி மாவு! கேட்கும்போதே உடம்பு கூசியது. ஆனால் வேறு வழி? நேற்று ஊற்றிப் பிசைந்தேன். மெதுவாக, மனசே இல்லாத மாதிரி, பொங்கத்தான் பொங்கியது. கொஞ்சம் புளிப்பு. இன்று காலை ஹாஸ்டலில் இறக்கிவிட்டு, தெரசம்மாள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஓடிவந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே மச்சான், இக்கடிதம் கண்டதும் ஆறு மாதத்துக்கான ஈஸ்ட் டின்களை, என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, கூடவே ஓர் ஆளையும் சேர்த்து அனுப்பவும். தவறினால் இனி ஈரோட்டில்தான் வாங்குவேன். சொந்தம் வேறு, சரக்கு வேறு. இட்லி மாவைத் தொட்ட பாவத்தை இனி ஒரு நாளும் செய்யமாட்டேன்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்குப் படிப்பையும், உங்கள் முழங்காலுக்குச் சுகத்தையும், உங்கள் யோசனைகளுக்கு நீண்ட ஓய்வையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
மனம் வெந்துபோன
ஜாபர் அலி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் தெரசம்மாளே கடைக்கு வந்துவிட்டார். "பாய், இத்தனை வருஷமா இந்த ரொட்டியை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? பிள்ளைங்க சட்னி கேட்டு அடம்பிடிக்குதுங்க. இனி இதுதான் வேணும். பழைய ரொட்டி கொண்டாந்தா வாசலோட திருப்பிருவேன்" என்கிறார். எனவே ஈஸ்ட் ஒரு டின்கூட அனுப்ப வேண்டாம். உளுந்து ஒரு மூட்டை, இட்லி அரிசி இரண்டு மூட்டை அனுப்பவும். இருநூறு ரொட்டிக்கு ஆட்டுக்கல்லில் மாவாட்டிய மாதம்மாள், "தோளே கழண்டு போச்சுங்க பாய், இனி என்னால ஆவாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆதலால் உங்கள் வீட்டு கிரைண்டரையும் மூட்டைகளோடு ஏற்றிவிடவும். சேற்றில் தூக்கிக் கடக்க நாலு பேருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டில் இட்லிக்கு வழியில்லை என்று தங்கை சத்தம் போடுவாள். கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய ரொட்டியை அன்றாடம், முதல் பஸ்ஸிலேயே, நான் அனுப்பிவைக்கிறேன்.