மாப்பிள்ளை விட்டுப்போன சாம்பல் கிளி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் தையல் மெஷினும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் புது வீடும் சௌக்கியமாக இருக்க வேண்டும். சௌக்கியமில்லாதது, பத்து நாளைக்கு என்று சொல்லி நீங்கள் என் கடையில் வைத்துவிட்டுப் போன சாம்பல் கிளி ஒன்றுதான். அந்தப் பத்து நாள் முடிந்து நாலு மாதம் ஆகிறது.

கூண்டின் மேலிருந்த துணியை எடுத்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது மாப்பிள்ளை. கழுத்துக்கு மேலே கிளி, கீழே உரித்த கோழி. மார்பில் மருந்துக்குக்கூட ஓர் இறகு இல்லை. இது உங்கள் கைவேலையாக இருக்குமோ என்று உங்கள் அத்தை கேட்டாள். மாப்பிள்ளையை அப்படியெல்லாம் பேசாதே என்று அதட்டினேன். கிளியைப் பார்த்த டாக்டர்தான் விளக்கினார், நாள் முழுக்கத் தனியாகப் போட்டு வைத்தால் இந்த ஜாதிக் கிளி ஏங்கிப்போய்த் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளுமாம், ஐம்பது வருஷம் உயிரோடு இருக்குமாம். எனக்கு இப்போதே அறுபத்தேழு. இருந்தாலும் தையல்காரன் கை சும்மா இருக்குமா, அளவெடுத்துப் பனியன் துணியில் ஒரு சட்டை தைத்து மாட்டிவிட்டேன். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், துணியில் ஒரு கிழிசல் இல்லாமல், தையலை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்திருந்தது. என்னிடம் வேலை பார்த்த ஒருத்தருக்கும் அந்த நேர்த்தி வந்ததில்லை.

அப்புறம்தான் நீங்கள் போனில் யோசனை சொன்னீர்கள். புது வீட்டில் இடமில்லை என்றீர்கள். "பூங்காவுல தொறந்து விட்டுடுங்க மாமா, பறவைதானே, பொழச்சுக்கும்." மாப்பிள்ளை சொல்லைத் தட்டலாமா? சட்டையை மறுபடி தைத்து மாட்டி, கொண்டுபோய்க் கூண்டைத் திறந்தேன். அங்கிருந்த தோட்டக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போன வாரம் பெஞ்சுக்கடியில் யாரோ வளர்த்துக் கொண்டுவந்து விட்ட, முழ நீளத்துக்கு ஒரு பச்சை ஓணானாம், அதற்கு முந்தின வாரம் அட்டைப்பெட்டியில் இரண்டு ஆமையாம். "எல்லாருமே விடுதலை குடுக்கறதாத்தான் சொல்றாங்க. செத்ததை அள்ளிப் போடறது நான்" என்றார். அதற்குள் கிளி பறக்கத் தெரியாமல் பொத்தென்று புல்லில் விழுந்தது, நாலு காக்கைகள் இறங்கிவிட்டன, அது தத்தித் தத்தி நடந்தே என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து, அசல் உங்கள் குரலில், "இதோ வந்துட்டேன்டா செல்லம்" என்றது. கதவைச் சாத்திப் பூட்டுகிற சத்தத்தையும் அதுவே போட்டது. நீங்கள்தான் பின்னால் நிற்கிறீர்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். தினமும் அப்படிச் சொல்லிவிட்டுத்தானே பூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள்?

கூண்டைத் திறந்த என் கையை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஆகையால் மாப்பிள்ளை, வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்களே நேரில் வந்து தங்கள் கிளியை அழைத்துப் போக வேண்டும். வராவிட்டால், கோபித்துக்கொள்ளாதீர்கள், கூண்டோடு உங்கள் ஆபீஸ் மேஜையில் வைத்து, பத்து நாளைக்கு என்று நானும் சொல்லிவிட்டு வருவேன்.

என் மகளுக்கு ஆசி. நீங்கள் பெரிய மனசு உள்ளவர், அந்த மனசில் இடம் இருக்கும் என்றுதான் பெண்ணைக் கொடுத்தோம். நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: காலையில் கடிதத்தை உறையில் போடப் போகும்போது நீங்கள் அத்தையிடம் நலம் விசாரித்துப் போன் செய்தீர்கள். ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்டதும் கிளி ஓடிவந்து கூண்டு வாசலில் நின்றது. நீங்கள் வைத்த பிறகும் நகரவில்லை, தெருக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம், வயிற்றில் புதிதாக முளைத்திருந்த இரண்டு இறகையும் பிடுங்கிப் போட்டுவிட்டது. அதனால் மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கிளி இங்கேயே இருக்கட்டும். தயவுசெய்து போனும் செய்ய வேண்டாம். எதுவானாலும் கடிதம் போடுங்கள், அது கிளியின் காதில் விழாது.