அமலராணியின் ஒட்டுப்போர்வையைப் பிரிக்கப் போகிறார்களாம்

கிழக்குத் தாம்பரம்,
9-11-1971, செவ்வாய்க்கிழமை.

கனம் பொருந்திய தபீதாள் அக்காவுக்கு, தங்கை ஹில்டா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். எழுதிவிட்டேன். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா, உன் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்ததா, பாளையங்கோட்டையில் மழை உண்டா என்றெல்லாம் நான் விசாரித்ததாகவே வைத்துக்கொள். விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. எனக்கு வருகிற ஆத்திரத்தில் பேனா முள் இரண்டு தடவை காகிதத்தைக் கிழித்துவிட்டது. இது மூன்றாவது காகிதம்.

நம் அமலராணிக்கு மலைமேல் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெயினிங் கிடைத்தது உனக்குத் தெரியும். இருபத்திரண்டாம் தேதி ரயில். அவளோ தாம்பரத்து மார்கழிக்கே காதைப் பொத்திக்கொண்டு உட்காருகிற பிள்ளை. கடைக் கம்பளி போர்த்தினால் உடம்பெல்லாம் குத்துகிறது என்பாள். அதற்காக ஆறு மாதமாக ஒரு ஒட்டுப்போர்வை தைத்தேன் அக்கா. மேலே வெட்டுத் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு பாகம், நடுவே பழைய கம்பளி, அடியில் என் பழைய நூல் சேலை, மூன்றையும் சேர்த்துக் கையாலேயே குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினேன். நானூற்று முப்பத்திரண்டு துண்டு. நட்டநடுவில் சிவப்புப் பட்டில் ஒரு நட்சத்திரம், சுற்றிலும் வெள்ளைத் துணியில் நாலு விரல் அகலத்துக்கு ஓரம். கட்டை விரலில் இப்போது ஊசி குத்தினாலும் எனக்குத் தெரிவதில்லை. தைத்து முடித்ததும் ஒரு பழைய வெள்ளை வேட்டியில் மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். யார் கண்ணிலும் படாமல் பெட்டியோடு ரயிலேற வேண்டிய சாமான் அது. ஏன் யார் கண்ணிலும் படக்கூடாது என்று கேட்காதே, மேலே படி.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாகப் படைக்க ஆறு தலையணை உறை, பூ வேலை செய்து, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். அதுவும் வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். நான் அடுப்படியில் நின்றபடி இவரிடம், "பீரோவுல கீழ்த்தட்டுல இருக்குற மூட்டைய எடுத்துக்கிட்டு முன்னால போங்க" என்றேன். பீரோ என்றால் பீரோ. கட்டிலுக்கு அடியில் இருக்கிற டிரங்குப் பெட்டியைப் பீரோ என்று சொல்கிற வழக்கம் எந்த ஊரிலாவது உண்டா? இருபத்தோரு வருஷமாக ரயில்வே ஆபீசில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிற மனுஷன்! எந்த ஃபைல் எங்கே போய்ச் சேர்ந்ததோ, அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். பிறகு கேட்டதற்கு இவர் என்ன சொன்னார் தெரியுமா? "கீழ்த்தட்டுல இருந்தது சின்னதா இருந்துச்சு ஹில்டா. கர்த்தருக்குக் குடுக்கிறது பெரிசா இருக்கட்டுமேன்னு தேடி எடுத்தேன்." தேடி எடுத்தாராம் அக்கா, தேடி!

பூசணிக்காய், வாழைத்தார், கோழி எல்லாவற்றோடும் அந்த மூட்டை பீடத்துக்குப் போனதை நானே பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். தலையணை உறை இவ்வளவு தடிமனாகவா இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஜெபத்தில் கண்ணை மூடியிருக்க வேண்டிய நேரத்தில் மூட்டையைப் பார்ப்பானேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆராதனை முடிந்து, வெளியே மழை என்பதால் கோவில் வராந்தாவிலேயே காணிக்கைச் சாமான்களின் ஏலம் நடந்தது. ஏலம் போடுகிறவர் ரிட்டயர்டு ரயில்வே கார்டு வேதசிரோமணி சார். பூசணிக்காய் போயிற்று, கோழி போயிற்று. பிறகு என் மூட்டையை அவிழ்த்து இரண்டு தூணுக்கு நடுவே கொடி கட்டி விரித்துத் தொங்கவிட்டார்கள். தலையணை உறை இல்லை அக்கா, என் ஒட்டுப்போர்வை!

முதலில் எல்லோரும் "அடேயப்பா" என்றார்கள். ஏலக் கேள்வி மளமளவென்று ஏறியது. வேதசிரோமணி சார் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கையை ஓங்கிவிட்டார். இன்னும் ஒரே ஒரு வார்த்தை, யாராவது வாங்கியிருப்பார்கள், நான் அவர்கள் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கியிருப்பேன். அதற்குள் இந்த ஜெயசீலி, ஆரம்பப் பள்ளி டீச்சர், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்வைக்குப் பக்கத்தில் போனாள். கத்திரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பாப்ளின் துண்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "ஹில்டா, இது என் கிறிஸ்துமஸ் ஜாக்கெட் துணியாச்சே? துணி பத்தல, கடையில குறைச்சுக் கிழிச்சுட்டான்னு சொல்லித்தானே கையைக் குட்டையா வெச்சே?" என்றாள். சொன்னதோடு விடாமல், அதே ஜாக்கெட்டைத்தான் அன்றைக்கு உடுத்தியிருந்தாள் போல, முந்தானையை விலக்கிக் கையைத் தூக்கிச் சபைக்கே காட்டினாள்.

அவ்வளவுதான், ஏலத்தை விட்டுவிட்டு எல்லோரும் போர்வையைச் சுற்றிக்கொண்டார்கள். பரீட்சை முடிவு ஒட்டின பலகையில் நம்பர் தேடுகிற மாதிரி ஆளாளுக்கு விரலை வைத்துத் தேடுகிறார்கள். பூசணிக்காய் வாங்க வருஷா வருஷம் வருகிற பக்கத்து வீட்டு மெஹர் பானு, மரக்கடை பாட்சா பாய் சம்சாரம், அவள் ஒரு பச்சை சாட்டின் துண்டைக் கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாக்கா இது? எம் பொண்ணு சித்திகா பாவாடை துணி இது! கீழ கொசுவம் வெச்சித் தாக்கான்னு கேட்டதுக்கு, துணி எங்க கீதுன்னு கேட்டியே. இங்க கீது பாரு!" என்றாள். கோவில் வேலைக்காரர் லாசரஸ் ஒரு கோடு போட்ட துணிக்கு எதிரே நின்றுகொண்டு, "எம் பைஜாமாம்மா. மூணு வருசமா பையில்லாம சுத்திகினு கீறேன். பீடிக்கட்டைக் காதுல சொருவிகினு போறேன், சின்னப் பசங்க சிரிக்கிறானுங்க" என்று அழாத குறையாகச் சொன்னார்.

நானும் அத்தோடு போயிற்று என்று நினைத்தேன். வேதசிரோமணி சார் இருக்கிறாரே, அவருக்கு ஒரு குடைச்சல் புத்தி. "சுத்தி இருக்கிற வெள்ளை ஓரம் யாருது?" என்று உரக்கக் கேட்டார். போதகர் சத்தியநாதன் ஐயா வாசலில் நின்றிருந்தார். ஈஸ்டருக்கு நான் தைத்துக் கொடுத்த வெள்ளை அங்கி அவர் மேல் இருந்தது. நனைத்ததில் துணி சுருங்கிவிட்டது ஐயா என்று அப்போது நான் சொன்னதை அவர் நம்பினார், சபையும் நம்பியது. முதலில் ஒருத்தி போர்வை ஓரத்தைப் பார்த்தாள், பிறகு போதகரின் கணுக்காலைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். அந்த நல்ல மனுஷன் மெதுவாகக் குனிந்து காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. நடுவில் இருந்த சிவப்பு நட்சத்திரத்துக்கு மட்டும்தான் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

தீர்ப்பு என்ன தெரியுமா? பீடத்தில் படைத்ததைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாதாம், அதனால் போர்வை எனக்கு வராது. அவரவர் துணி அவரவருக்கு வேண்டுமாம், அதனால் ஏலமும் கிடையாது. போர்வையைப் போதகர் உடை மாற்றுகிற அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இருபதாம் தேதி சனிக்கிழமை மாதர் சங்கம் கூடி அதைப் பிரித்து, துண்டு துண்டாக உடையவர்களிடம் ஒப்படைக்குமாம். இரண்டு அங்குலச் சதுரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களாம்? மூக்குக் கண்ணாடி துடைப்பார்களா? என் பெண் இருபத்திரண்டாம் தேதி வெறும் பெட்டியோடு மலையேற வேண்டும். அவளோ, "பரவாயில்லம்மா, ரெண்டு சட்டை சேர்த்துப் போட்டுக்கிறேன்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு வயிறு எரிகிறது.

திருட்டாமே அக்கா, திருட்டு! பதினைந்து வருஷமாக இந்தத் தெருவே என் மிஷின்மேல்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. "ஒரே ஒரு தையல்தானே ஹில்டா" என்று வருவார்கள். ஒரே ஒரு தையல் என்று வந்தது பாவாடையாகும், பாவாடை தலையணையாகும், தலையணை ஜன்னல் திரையாகும். ஒருத்தியாவது கூலி என்ன என்று கேட்டது உண்டா? நானும் கேட்டதில்லை, சபைக்காரர்களிடம் எப்படிக் கேட்பது? வெட்டும்போது கீழே விழுகிறதை எடுத்து வைத்தேன். சில சமயம் விழாததைக் கொஞ்சம் விழும்படி வெட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இவ்வளவு பேர் அன்றைக்கு அந்தப் போர்வைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார்களே, ஒருத்தர், ஒரே ஒருத்தர், "தையல் நல்லா இருக்கு ஹில்டா" என்று சொல்லவில்லை. நானூற்று முப்பத்திரண்டு துண்டில் ஒரு மூலைகூட விலகவில்லை. துணி யாருடையது என்று பார்த்தவர்களுக்குத் தையல் யாருடையது என்று தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே அக்கா, இதைப் படித்த கையோடு நீ போதகருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அவர் சின்னப் பிள்ளையாக உன்னிடம் ஓய்வுநாள் பள்ளியில் அடி வாங்கியவர். நீ சொன்னால் இன்றைக்கும் எழுந்து நின்று கேட்பார். என் தங்கை ஹில்டா எனக்கு எத்தனையோ தைத்துத் தந்திருக்கிறாள், ஒரு விரற்கடை துணிகூட எடுத்தவள் இல்லை என்று எழுது. சாட்சிக்கு உன் மகன் கல்யாணத்து ரவிக்கையைச் சொல். அந்தக் கடைக்காரர் துணியைக் குறைத்துக் கிழித்துக் கொடுத்துவிட, நான் அக்குளில் ஒட்டுப் போட்டுச் சமாளித்தேனே, நீ நேரே போய் அவரைப் பிடிபிடியென்று பிடித்து, இந்த ஏழு வருஷமாக அந்தக் கடைப் படியே மிதிக்காமல் இருக்கிறாயே, அதைச் சொல். கடைசியில் போர்வையைப் பிரிக்கக் கூடாது என்றும் ஒரு வரி போடு. நான் மிஷினில் இருந்து நூற்கண்டைக் கழற்றி, எண்ணெய் போட்டு, மூடி போட்டு, மேலே வேதாகமத்தையும் வைத்துவிட்டேன். இந்த ஜென்மத்தில் இனி இந்தத் தெருவுக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்க மாட்டேன். இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டுக் கூரையையும் கோழிகளையும் ஆண்டவர் இந்த மழையில் காப்பாராக. அமலராணி உனக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள். இவரும் சொன்னார், ஆனால் இவர் சொன்னதை நான் எழுதுவதாக இல்லை.

இப்படிக்கு,
நொந்துபோன உன் தங்கை,
ஹில்டா தனசிங்.

பி.கு.: 17-11-1971, புதன். இந்தக் கடிதம் எட்டு நாளாக இவருடைய மழைக்கோட்டு உள்பையிலேயே தினமும் ஆபீசுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. இன்றைக்குத்தான் கண்டெடுத்தேன். அந்த உள்பையை வைத்துத் தைத்தவளும் நான்தான்.

இதற்கிடையில் ஜெயசீலிக்குச் சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. திங்கட்கிழமையே இன்னும் இரண்டு பேரோடு போய்ப் பிளேடு வைத்துப் பிரிக்கப் பார்த்திருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு தையல் அறுந்ததாம், கூடவே அவள் விரலும். நேற்று மெஹர் பானு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "யக்கா, பெருநாளுக்கு நாலு நாள்தான் கீது. சித்திகாவுக்குப் பாவாடை யாரு தைப்பா? பேஜார் பண்ணாதேக்கா" என்றாள். "போர்வையைப் பிரிச்சா மிஷின் திறக்காது, போய்ச் சொல்லு" என்றேன். அவள் போய் ஜெயசீலியிடம் சொல்ல, ஜெயசீலி சங்கத்தில் சொல்ல, சாயங்காலம் லாசரஸ் மழையில் தார்ப்பாய் போர்த்தித் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். போர்வை முழுசாக இருக்கிறது. காணிக்கைக்குப் பதிலாகத் தலையணை உறைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். அது யார் துணி என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

போர்வையோடு கூடவே கிறிஸ்துமஸுக்குத் தைக்க ஏழு மூட்டையும் வந்தது. ஒவ்வொன்றிலும் எத்தனை கஜம் என்று அளந்து சீட்டு குத்தியிருக்கிறார்கள். ஜெயசீலி சீட்டில் மட்டும் கீழே சின்ன எழுத்தில், 'பிளேடுக்குக்கூட வரலியே, என்ன தையல்டி அது!' என்று எழுதியிருந்தாள். அதைக் கிழித்துப் போடாமல் மிஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். வேதாகமத்தை அலமாரிக்கு மாற்றிவிட்டேன். போதகர் புது அங்கிக்கு நாலரை கஜம் அனுப்பியிருக்கிறார். நாலு கஜமே போதும், சும்மா தகவலுக்குச் சொல்கிறேன்.

ஆகையால் அக்கா, போதகருக்கு நீ எழுதவே எழுதாதே. அந்த நடு நட்சத்திரம் உன் சிவப்புப் பட்டு. ஓரத்தில் வைத்திருக்கலாம், மடிப்புக்குள் மறைத்திருக்கலாம், உன்னுடையது என்பதால் மனசு வரவில்லை, நடுவில் வைத்தேன். அமலராணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். நேற்று ராத்திரி 'பெரியம்மா பட்டு' என்று அதன்மேல் கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். அந்தக் கடைக்காரர் ஒரு விரற்கடைகூடக் குறைக்கவில்லை, பாவம். இந்தக் கிறிஸ்துமஸுக்காவது அவர் கடைக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிடு.