மாசிலாமணி நடத்திய முடிப்பண்ணை

ஒரு காட்டில், மேகம் வந்து தலையில் இடிக்கிற உயரத்தில், மாசிலாமணி என்றொரு நரி இருந்தது. நடுத்தர வயது. கடைவாய்ப் பல் இரண்டு ஆட்டம் கண்டிருந்தது. ஆவணி மாதம் முழுக்கக் குகைக்குள் படுத்துக்கொண்டு கைபேசியில் வீடியோ பார்த்ததில் அதற்கு ஞானம் பிறந்தது. ஆட்டைத் தின்றால் ஒருநாள் சாப்பாடு. முடிக்காக வளர்த்தால் வருஷா வருஷம் கம்பளி. இதைக் கேட்டதும் அதன் மனைவி பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டது.

நரி ஏழு மலையாடுகளிடம் போய்ப் பேசியது. அவற்றில் மூத்தவள் பாக்கியம்.

"எங்களைத் தின்னமாட்டீரா?"

"சத்தியமா மாட்டேன்."

"அது கிடக்கட்டும். கொட்டகை ஒழுகுமா?"

ஒழுகாது என்று சொல்லித்தான் அழைத்து வந்தது. ஐப்பசி மழையில் ஒழுகியது. ஈரத்தில் ஆடுகளின் குளம்பு ஊறிப்போய், ஒவ்வோர் ஆட்டையும் மடியில் கிடத்தி நரியே குளம்பை வெட்டிவிட வேண்டியிருந்தது. உதை வாங்கியதும் அதுதான், ஒவ்வொரு உதைக்கும் மன்னிப்புக் கேட்டதும் அதுதான். மார்கழிப் பனியில் ஆடுகளுக்கு முடி அடர்ந்தது. ஏழும் போர்வைக்குள் இருப்பதுபோல் சுகமாக இருந்தன. வண்டும் காட்டுக் கொய்யாவும் தின்று இளைத்துப் போயிருந்த முதலாளி மட்டும் நடுங்கியது.

மாசி பிறந்தால் ஆட்டின் உள்முடி தானாகக் கழலும். அப்போது சீப்பால் வாரி எடுத்துவிட வேண்டும். விட்டால் அத்தனையும் புதருக்குப் போய்ச் சேரும். ஆனால் வாரிய முடியைக் காட்டைவிட்டு வெளியே அனுப்ப அனுமதி வேண்டும். அதற்காகத் தை மாதம் நரி காட்டு அலுவலகத்துக்குப் போனது. வரிசையில் அதற்கு முன்னால் ஓர் ஆமை நின்றது. வரிசை மெதுவாகப் போகிறது என்று அந்த ஆமையே அலுத்துக்கொண்டது.

நான்காம் நாள் நரியின் முறை வந்தது. எழுத்தர் ஒரு முள்ளம்பன்றி. முதுகிலிருந்து ஒரு பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கேட்டது.

"ஆடு எதுக்கு வளர்க்கறீங்க?"

"முடிக்கு, சார்."

"படிவத்துல பாலுக்கு ஒரு கட்டம், இறைச்சிக்கு ஒரு கட்டம். முடிக்குக் கட்டம் இல்லையே."

"நீங்களே ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."

"கட்டம் போடுறது மேலிடம். நான் டிக் போடுறவன்."

பாலுக்கு டிக் போட்டால் மருத்துவர் சான்று வேண்டுமாம். மருத்துவர் பங்குனிவரை விடுப்பாம். அதற்குள் முடி உதிர்ந்துவிடும். வெறும் டிக்தானே என்று நரி தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு, இறைச்சிக்குப் போடச் சொல்லிவிட்டது.

வீடு திரும்பியும் ஆடுகளிடம் சொல்லவில்லை. மூன்று நாள் தழையை அள்ளி அள்ளிப் போட்டது.

"என்ன முதலாளி, கவனிப்பு பலமா இருக்கு?" என்றாள் பாக்கியம்.

நரியால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "இறைச்சின்னு எழுதிட்டேன் பாக்கியம். பேப்பர்லதான்."

அசைபோட்டுக்கொண்டிருந்த வாய் நின்றது. "இந்தக் காட்டுல பேப்பரைத்தானேய்யா நம்புறாங்க!"

அவள் சொன்னது சரியாகப் போயிற்று. மாசி முதல் வாரம், நரி ஏழாவது ஆட்டை வாரி முடித்த நேரத்தில், இறைச்சிப் பிரிவு ஆய்வாளர் வந்து நின்றார். சிறுத்தை. கையில் அட்டை, அதில் படிவம். ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

நரி ஓடிப்போய் அவற்றின் முன்னால் நின்றது.

"ஐயா, தப்பு என்னுது. இதுங்க முடி ஆடுங்க. நடவடிக்கை எடுக்கறதா இருந்தா என்மேல எடுங்க."

சிறுத்தை எண்ணியது. "எட்டு இருக்கு. பேப்பர்ல ஏழுதானே?"

அப்போதுதான் நரி தன்னைக் குனிந்து பார்த்தது. காலையிலிருந்து வாரிய முடியெல்லாம் மூக்கு முதல் வால்வரை அப்பியிருந்தது.

"நான் ஆடு இல்லைங்கய்யா. முதலாளி. நரி!"

"நரிகிட்ட ஏழு ஆடு அஞ்சு மாசமா உயிரோட இருக்குமா? யார்கிட்ட கதை விடுறே? நரின்னா ஒண்ணைக் கடிச்சுக் காட்டு."

பாக்கியம் கழுத்தை நீட்டி, "மெல்லமா கடிச்சுத் தொலையும்" என்று முணுமுணுத்தாள். நரி வாயைத் திறந்தது. கழுத்துவரை கொண்டுபோனது. பிறகு மூடிக்கொண்டது.

"முடியலைங்கய்யா. போன வாரம்தான் இவளுக்குக் குளம்பு வெட்டிவிட்டேன்."

"ஆடுதான்" என்று சிறுத்தை எழுதிக்கொண்டது.

"பாக்கியம், நீயாவது சொல்லேன்!"

பாக்கியம் சிறுத்தையின் பல்லைப் பார்த்தாள். நரியைப் பார்த்தாள். முதலாளி என்று சொன்னால் பொய்ப் படிவம் கொடுத்ததற்கு அவரைப் பிடிப்பார்கள். "எங்க கூடப் பிறந்தவர்தாங்க. கொஞ்சம் புத்தி மட்டு."

சிறுத்தை எட்டு விலாவையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. முடி போன ஆடுகள் குச்சி குச்சியாக நின்றன. எட்டாவதைத் தடவியதும் முகம் சுளித்தது. "இதுல எலும்புக்கே பஞ்சம்." பேனாவை எடுத்து, படிவத்தில் தானே புதிதாக ஒரு கட்டம் போட்டது. முடிக்கு மட்டும். ஆடுகள் எட்டு. உரிமையாளர் ஓடிவிட்டதாகக் குறித்துக்கொண்டு, மூத்த ஆட்டைப் பொறுப்பாளராக்கிக் குளம்பு ரேகை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

நாலு நாள் அலைந்தும் கிடைக்காத கட்டம் கிடைத்துவிட்டது. நரி சந்தோஷப்பட வாயெடுப்பதற்குள் காட்டு அலுவலக ஆட்கள் வந்து அதன் காதில் எட்டாம் எண் வில்லையைக் குத்தினார்கள்.

சித்திரையிலிருந்து பண்ணையைப் பாக்கியம் நடத்துகிறாள். நடத்துவது எளிதாகத்தான் இருந்தது. அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. கூரையை இரண்டே நாளில் மாற்றிவிட்டாள். நரிக்குச் சுவரோரம் காற்று படாத இடம் ஒதுக்கினாள். வேளைக்குக் கொய்யா வந்தது. வெட்கப்பட வேண்டுமே என்று நரி ஓரிரு தடவை முயன்று பார்த்தது. இடம் கதகதப்பாக இருந்ததால் தூக்கம்தான் வந்தது.

ஆடி மாதக் காற்றில் பழைய சகாக்கள் இரண்டு நரிகள் வேலியோரம் வந்து நின்றன.

"டேய் மாசிலாமணி, நீ நரிதானேடா?"

அது சற்று யோசித்தது.

"எதுக்கும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தீனித் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டது.

நீதி: மனம் திருந்துவதற்கு முன்னால் அடையாளச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் பரவாயில்லை, வேளாவேளைக்குத் தீனி வரும்.