பெரியப்பா காரின் பதினேழு பற்கள்

தேதி: மார்ச் 12, வியாழக்கிழமை. நேரம்: பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். தேய்ந்த பற்கள்: பதினேழு.

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு வணக்கம்.

இங்கே நானும் பெரியம்மாவும் சுகம். அங்கே அக்காவும் உங்கள் புது முழங்காலும் அவ்வாறே இருக்க விரும்புகிறேன். மேலே சொன்ன பற்கள் உங்களுடையவை அல்ல, பெரியம்மாவுடையவையும் அல்ல. காரினுடையவை. இதற்காகக் கட்டிலை விட்டு எழுந்திருக்க வேண்டாம், தையல் இன்னும் பிரிக்கவில்லை. போனில் சொன்னால் முதல் வரியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுவீர்கள். ஆகவே இன்று மாலை அக்காவிடம் திரும்பும் அத்தான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். "வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி வை, வேற எதையும் தொடாதே" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தீர்கள். முதல் பாதியைச் செய்யப் போய்த்தான் இரண்டாம் பாதியை மீற வேண்டியதாயிற்று. சாவியைத் திருப்பினால் அதே "கிர்ர்ர்". இருபது வருடமாக இந்தக் குடும்பமே அந்தச் சத்தத்துக்குப் பழகியிருக்கிறது. கிர்ர் என்றதும் யாரும் எதுவும் பேசாமல் இறங்குவோம். பெரியம்மா பின்னால் இடது பக்கம், அக்கா வலது பக்கம், நான் நடுவில், நீங்கள் கதவோரமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது கியரில் போட்டு ஒரு முழம் தள்ளுவோம். ஏறி உட்காருவோம். மறுபடி சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும். அத்தான் முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்த அன்றும் தள்ளத்தான் செய்தார். அதற்குப் பிறகும் கல்யாணத்துக்குச் சம்மதித்தார் என்பது அவருடைய பெருந்தன்மை.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். அந்த எஞ்சின் அணையும்போது ஏறக்குறைய இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும். எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தைச் சுற்றி ஒரு பல்வளையம் இருக்கிறதே, எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் அதில் ஒவ்வொரு முறையும் அதே பற்களைத்தான் கடிக்கும். மற்றதெல்லாம் புதுசு போல இருக்க, இரண்டு இடத்திலும் சேர்த்துப் பதினேழு பல் மட்டும் மொட்டை. கியரில் போட்டுத் தள்ளினால் எஞ்சின் கொஞ்சம் சுழன்று நல்ல பல் எதிரே வருகிறது, அவ்வளவுதான் ரகசியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா, அத்தானோடு ரயிலில் வருகிறீர்கள். "டாக்சியா? என் வண்டி இருக்கும்போதா?" என்று அக்காவிடம் குதித்தீர்களாம். சரி. நிலைய வாசலில் அது கிர்ர் என்றால் என்ன ஆகும்? நீங்கள் இறங்குவீர்கள். தடுத்தாலும் இறங்குவீர்கள். அந்தக் காலோடு தள்ளுவீர்கள். இதை நினைத்து நினைத்துச் சாப்பாடே இறங்கவில்லை. ஆகவே அந்த வளையத்தை மாற்றத் திங்கட்கிழமை கியர்பாக்ஸை இறக்கினேன்.

இறக்கினேன் என்று எழுதிவிட்டேன், விழுந்தது என்பதே சரி, ஆனால் என் மேல் விழவில்லை, பெரியம்மா ஷெட்டில் போட்டு வைத்திருந்த மெத்தை மேல் விழுந்தது, அதனால் கியர்பாக்ஸுக்கு ஒன்றுமில்லை, மெத்தை உங்களுடையது, அதை நேரில் பேசிக்கொள்ளலாம், அப்புறம் பழைய வளையத்தில் துளை போட்டு உளியை வைத்து ஒரே அடி, அது தெறித்துப் போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் மோத, அந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "என்ன தம்பி, இதெல்லாம் பெரியவருக்குத் தெரியுமா?" என்றார், நான் "தெரியும்" என்றேன், இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்ததும் அது உண்மையாகிவிடும்.

புது வளையம் கடையில் இரண்டு இருந்தன. "ரெண்டையும் எடுத்துக்குங்க சார், இனிமே வராது" என்றார் கடைக்காரர். தப்பாக மாட்டுகிறவனுக்குத்தான் இரண்டு வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒன்றோடு வந்தேன்.

அடுத்ததுதான் முக்கியம். வளையம் ஃப்ளைவீலைவிட மயிரிழை சின்னது. சூடாக்கினால் விரியும். விரிந்திருக்கும் சில நொடிக்குள் மாட்டிவிட வேண்டும். ஆறினால் இறுகிவிடும், பிறகு உடைத்துத்தான் எடுக்கலாம். இன்னொன்று, ஸ்டார்ட்டர் வந்து நுழைகிற பக்கத்தில் பல்முனைகளைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள். திருப்பி மாட்டினால் நுழையாமல் முட்டும். அவசரத்தில் மாறிவிடக் கூடாது என்று, சரியான பக்கத்தில் சாக்பீஸால் "மேலே" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். படித்தவன் வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும்.

சூடாக்க வேறு இடம் ஏது? பெரியம்மாவின் கேக் ஓவன்.

"என் ஓவன்ல இரும்பா? உனக்கு மூளை பிசகிடுச்சா?"

"பெரியப்பாவோட முழங்கால், பெரியம்மா."

ஓவன் கதவைத் திறந்தார். "சரி, வெச்சுட்டுப் போ. சூடானதும் கூப்பிடறேன். அந்தக் கிரீஸ் கையோட இங்க நிக்காதே."

கூப்பிட்டார். பூப்போட்ட கையுறையோடு ஓடினேன், எடுத்தேன், ஓடி வந்தேன், ஓவனில் இருந்த வாக்கிலேயே போட்டேன். "டங்" என்று உட்கார்ந்தது. எழுத்து மட்டும் கண்ணில் படவில்லை. சூட்டில் மறைந்திருக்கும். மறைந்துதானே இருக்கும்? நேற்று எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டேன். பேட்டரி சார்ஜ் ஆகிறது. இன்னும் சாவியைத் திருப்பவில்லை. ஆனாலும் கணக்கு கணக்குதான்: இனி இந்தக் குடும்பத்தில் யாரும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்.

பின்குறிப்பு: நேரம் ஐந்து மணி ஐந்து நிமிடம். அத்தான் வாசலில் பையோடு நிற்கிறார். சாவியைத் திருப்பினேன். கிர்ர் இல்லை. "டணார்". திரும்பத் திரும்ப "டணார்". பெரியம்மா சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, "என்னடா, பழைய சத்தமே தேவலையே?" என்றார். வளையத்தில் நான் எழுதியிருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பார்த்தேனே. ஏதோ கிறுக்கி வெச்சிருந்தே. கழுவாத சாமான் என் ஓவனுக்குள்ள போகுமா? சோப்பு போட்டு, நார் வெச்சுத் தேய்ச்சு, துடைச்சு, பளபளன்னு இருந்த பக்கத்தை மேல வெச்சேன்."

ஆகவே மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். இனி நடக்கப்போவது:

1. நாளை கடை திறக்கும் முன்பே வாசலில் நின்று அந்த இரண்டாவது வளையத்தை வாங்குவேன். கடைக்காரர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

2. அதை ஞாயிற்றுக்கிழமைக்குள் மாட்டிவிடலாம் என்று கிளம்ப மாட்டேன்.

3. ஞாயிறு காலை வண்டியைத் தெருச் சரிவில் உருட்டிக் கிளப்பி, நிலைய வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்பேன்.

4. அணைந்துவிட்டால் பெரியம்மா இடது பக்கம், அக்கா வலது பக்கம், நான் நடுவில். ஸ்டியரிங் அத்தானிடம். ஸ்டார்ட்டர் நுழையாததால் இந்தமுறை ஒரு முழம் போதாது, தெருமுனை வரை தள்ளுவோம்.

5. நீங்கள் உள்ளேயே உட்கார்ந்திருப்பீர்கள். இது நான் செய்கிற வேலை இல்லை என்று தெரியும். ஆனால் மற்ற நான்கும் இதற்காகத்தான்.