ஜென்சன் துரையைக் காலி செய்யச் சொல்ல மாட்டேன்

கொடைக்கானல்,
11-5-1962, வெள்ளிக்கிழமை

பழனியாண்டவர் துணை

மகா கனம் பொருந்திய மச்சான் பொன்னுவேல் அவர்களுக்கு, மயில்சாமி எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கை சுந்தராம்பாளின் இடது முழங்காலைத் தவிர மற்ற அனைத்தும் நலம். அங்கே தாங்களும் அக்காவும், போன மாதம் கன்று போட்ட பசுவும் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

நான் திங்கட்கிழமை சுருக்கமாக எழுதியதற்குத் தங்கள் பதில் கார்டு நேற்றுக் கிடைத்தது. "வெள்ளைக்காரர்கள் சண்டையில் நமக்கென்ன சோலி, வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் பேசாமல் இரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்தெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவர் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். ஆனாலும் நான் காலி செய்யச் சொல்லப் போவதில்லை. இதில் மாற்றமே கிடையாது. ஏன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மிஸ் பெல்லாமி அம்மாள் சீமைக்குத் திரும்பும்போது இந்தக் காட்டேஜை எனக்கு விற்றதும், பத்திரத்தைத் தாங்களே எழுதியதும் ஞாபகம் இருக்கும். பத்திரத்தில் இல்லாத ஒரு வார்த்தையை அந்த அம்மாள் என்னிடம் வாயால் வாங்கிக்கொண்டார். "மயில்சாமி, சீசனில் முன்பக்கத்து வீட்டைக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு மாத்திரம் கொடுக்க வேண்டும்" என்றார். இருபது வருஷம் என் மளிகைக் கடையில் சாமான் வாங்கியவர், அழுதுகொண்டு கேட்கிறார். நானும் பழனியாண்டவர் மேல் ஆணையாகச் சரி என்று சொல்லிவிட்டேன். முருகன் மேல் சத்தியம் செய்து கிறிஸ்தவர்களுக்கு வீடு விடுகிற ஆள் உலகத்திலேயே நீர் ஒருவர்தான் என்று தாங்கள் அன்றைக்குச் சிரித்தீர்கள். சிரித்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான். மதுரையிலிருந்து ஜட்ஜ் ஒருவரே ஆள் விட்டுக் கேட்டபோதும் முடியாதென்று கும்பிட்டு அனுப்பினேன். பின்பக்கத்து இரண்டு அறையில் நாங்கள், முன்பக்கத்தில் கிறிஸ்தவர்கள், இப்படியே எட்டு சீசன் ஓடியது.

இந்த சீசனுக்கு வந்தவர்தான் ஜென்சன். அமெரிக்காக்காரர், கீழே சமவெளியில் ஏதோ விதைப்பண்ணையில் வேலை. மனைவி, ஐந்து பிள்ளைகள். கடைசிப் பெண்ணுக்கு நாலு வயசு, ஓயாத இருமல். இரண்டு மாதம் மலைக்காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், நீங்கள் கிறிஸ்தவரா என்று. நெஞ்சில் கையை வைத்து ஆமாம் என்றார். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

வினை காப்பியில் ஆரம்பித்தது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் காலையில் சுந்தராம்பாள் தன் கையால் காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். ஜென்சன் வீட்டம்மாள் அதைப் பார்த்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் டீ போட்டுக் கொண்டுபோனாள், அதுவும் திரும்பி வந்தது. "நான் போட்ட காப்பிய இதுவரைக்கும் ஒருத்தரும் வேண்டாம்னு சொன்னதில்லைங்க. இவங்களுக்கு நான் என்னங்க குத்தம் செஞ்சேன்?" என்று இரண்டு நாள் மூக்கைச் சிந்தினாள். பிறகு விசாரித்ததில் காப்பி, டீ, சாராயம், சுருட்டு எதுவுமே அவர்களுக்கு ஆகாதாம். சரி, உடம்புக்காக என்று இருந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் புகைபோக்கியில் வெள்ளனே புகை வரவில்லை, உச்சி ஆகியும் வரவில்லை. பாவம், அரிசி மாவு இல்லாமல் கிடக்கிறார்களோ என்று இவள் இருபது இட்லியைக் கட்டிக்கொண்டு போனாள். மூத்த பெண், இன்று எங்களுக்கு விரதம், மாதத்தின் முதல் ஞாயிறு எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டது. முழங்கால் வலியையும் மறந்து இவள் ஓடிவந்த வேகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஏங்க, அவங்க கிறிஸ்தவங்களே இல்லைங்க! சாராயம் இல்ல, சுருட்டு இல்ல, காப்பிகூட இல்ல, இப்ப பட்டினி வேற. காவடிக்கு விரதம் இருக்காங்க. வெளிய சொல்லக் கூச்சப்படுறாங்க, அவ்வளவுதான்" என்றாள். என்னிடம் சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிர் பங்களா ஆயாவிடமும் சொல்லிவிட்டாள்.

எதிர் பங்களாவில் இருப்பவர் மிசஸ் கார்வர், மிஷன் அம்மாள். வருஷா வருஷம் நல்ல குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் கமிட்டிக்குக் காரியதரிசி. சாயங்காலமே குடையோடு வந்துவிட்டார். "மயில்சாமி, அவர்கள் இந்துக்கள் அல்ல. ஆனால் கிறிஸ்தவர்களும் அல்ல. அவர்கள் மார்மன்கள்" என்றார். பைபிளுக்கு மேல் அவர்களுக்கு இன்னொரு வேத புத்தகம் உண்டாம். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் அமெரிக்காவிலேயே ஒரு தீர்க்கதரிசி புறப்பட்டாராம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை இவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்களாம். ஆகவே வருகிற திங்கட்கிழமைக்குள் நான் எழுத்து மூலம் பதில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் என் காட்டேஜ் பெயரைக் கமிட்டி லிஸ்டிலிருந்து அடித்துவிடுவார்கள். லிஸ்ட் போனால் போகட்டும் மச்சான். ஆனால் அவர் சொல்வது நிஜமென்றால் என் சத்தியம் அல்லவா போகிறது? அதே சமயம் மே மாத நடுவில் இந்த ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் காலியில்லை. இருமுகிற குழந்தையோடு அந்த மனுஷன் எங்கே போவார்? இதை நானே விசாரித்து நானே தீர்ப்புச் சொல்வதென்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

முதலில் ஜென்சனிடமே எனக்குத் தெரிந்த கடை இங்கிலீஷில் கேட்டேன். கோபமே படவில்லை. தங்கள் சபையின் பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருக்கிறார் என்று முழுப் பெயரையும் சொன்னார். என் கடை போர்டில் எழுதினால் பக்கத்துக் கடைக்கும் நீளும், அவ்வளவு பெரிய பெயர். செத்துப்போன முன்னோர்களுக்காகக்கூட இவர்கள் ஞானஸ்நானம் வாங்குவார்களாம், நாம் ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற மாதிரி. அவருக்குப் பதினோரு தலைமுறைப் பெயர் மனப்பாடம். எனக்கு எத்தனை தெரியும் என்று கேட்டார். நாலாவது பாட்டனாரோடு நான் நின்றுவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்து மாதா கோவில் ஃபாதரிடம் போனேன். முப்பது வருஷம் நம் ஊரில் இருப்பதால் நம்மைப்போலவே பேசுவார். "மார்மன் கெடக்கட்டும் மயில்சாமி. அந்தக் கார்வர் அம்மா கூட்டமே நானூறு வருசத்துக்கு முன்னால எங்களை விட்டுப் பிரிஞ்சு போனது. மொதல்ல அவங்க திரும்பி வரட்டும், பொறவு மத்தவங்களைப் பத்திப் பேசலாம்" என்றார். அப்படியானால் அதே கூட்டத்தைச் சேர்ந்த நம் மிஸ் பெல்லாமி அம்மாள் என்று இழுத்தேன். அவர் கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்ல பொம்பளை" என்றார்.

வீட்டுக்கு வந்து தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். தோட்ட வேலை பார்க்கும் அழகுமலை, பூண்டிக்காரன், என்ன ஏதென்று கேட்டான். சொன்னேன். "எங்க ஊர்ல கருப்பனுக்குக் கெடா வெட்டிப்பிட்டு மறுமாசமே பழனிக்கு வந்து மொட்டை போடுறோமுங்க. கருப்பன் ஆளுக்கு இங்க என்ன சோலின்னு ஒருத்தரும் கேக்கலையே. தலைய நனைச்சு உக்காருன்னுதான் சொன்னாங்க" என்றான். மச்சான், இன்னொரு வேத புத்தகம் என்பது சின்ன விஷயம் இல்லை, மிசஸ் கார்வர் பொய்யும் சொல்லவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நம்மில் ஒருவன் புதிதாகப் புராணம் கொண்டுவந்தால் நாமும் சும்மா இருக்க மாட்டோம். ஆனால் இன்று காலை தண்ணீர்க் குழாயைப் பார்க்க முன்பக்கம் போனேன். குழந்தை இருமி இருமிச் சுருண்டு கிடக்கிறது. ஜென்சன் அதன் தலையில் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடி ஜெபம் செய்கிறார். கன்னத்தில் தண்ணீர் வழிகிறது. கடைசியில் யார் பெயரைச் சொல்லி முடித்தார் என்று என் காதால் கேட்டேன். குழாயைப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டேன். பிள்ளைக்கு உயிர் போய் உயிர் வருகிற நேரத்தில் ஒரு தகப்பன் யாரைக் கூப்பிடுகிறானோ அவர்தான் அவன் சாமி. இதற்கு மேல் ஒரு கமிட்டி எனக்கு வேண்டாம்.

ஆகவே, "மேற்படி ஜென்சன் வகையறா கிறிஸ்தவ மதத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர்களே என்று தீர விசாரித்து அறிந்தபடியால்" என்று தங்கள் பாணியிலேயே ஒரு காகிதம் தயார் செய்துவிட்டேன். நாளைக் காலை ஜென்சனிடமும் ஒரு கையெழுத்து வாங்கி மிசஸ் கார்வர் கையில் கொடுப்பேன். இடி விழுந்தாலும் இந்தத் தீர்ப்பு மாறாது.

அக்காவுக்கு என் நமஸ்காரமும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும், பசுவுக்கு ஒரு தடவலும் சேர்ப்பிக்கவும். ஆண்டவர் எல்லோருக்கும் நல்ல புத்தியும் நல்ல ஜீரணமும் கொடுப்பாராக.

இப்படிக்கு, உறுதி குலையாத,
மயில்சாமி

பின்குறிப்பு, சனிக்கிழமை: தபாலில் போடுவதற்குள் காரியம் கெட்டது. காகிதத்தைக் கொண்டுபோய் ஜென்சனுக்குப் படித்துச் சொன்னேன். மூன்று வாரமாக நான் பார்த்த சிரிப்பு முதல் தடவையாக நின்றது. எல்லாம் சரி, ஆனால் நாங்கள் கிளை இல்லை என்றார். கிறிஸ்து ஆதியில் வைத்த சபை வெகு காலத்துக்கு முன்பே கெட்டுப்போய்விட்டதாம். அதைக் கடவுள் திரும்பவும் நிலைநாட்டியது இவர்களிடம்தானாம். யாரிடமிருந்தும் கிளைத்தவர்கள் இல்லை என்பதால் கையெழுத்துப் போட முடியாதென்று பணிவாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் மிசஸ் கார்வர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்துவிட்டு, மிகவும் நல்ல பெண்மணி என்றார். ஃபாதர்? அவரும் மிகவும் நல்ல மனிதராம்.

ஆக, ஆளாளுக்குச் சொல்வதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், என் வீட்டில் எட்டு வருஷமாக ஒரு அசல் கிறிஸ்தவர்கூடக் குடியிருக்கவில்லை. என்னிடம் சத்தியம் வாங்கிய அம்மாளே சந்தேகத்தில் நிற்கிறார். வேர் மட்டும் மூன்று இருக்கிறது, கிளை என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் இல்லை. காகிதத்தைக் கிழித்துப்போட்டேன். "குழந்தைக்கு இருமல். ஜூன் கடைசிவரை இருப்பார்கள். மயில்சாமி" என்று மட்டும் எழுதி மிசஸ் கார்வரிடம் கொடுத்தேன். படித்தார். உள்ளே போய் ஒரு பாட்டில் இருமல் மருந்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, குழந்தைக்காகப் புதன்கிழமையிலிருந்தே ஜெபித்து வருவதாகச் சொன்னார். ஃபாதரும் பூசையில் குழந்தையை நினைத்துக்கொண்டாராம். சுந்தராம்பாள் என்னைக் கேட்காமலே குழந்தையின் பெயருக்குப் பழனியில் ஒரு பால்குடம் நேர்ந்திருக்கிறாள். போதாததற்குச் சுக்கும் மல்லியும் தட்டிக் கொதிக்கவைத்துக் கொண்டுபோனாள். அதில் காப்பித்தூள் இல்லையென்று சத்தியம் செய்த பிறகு குடும்பமே ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தது. "இப்பத்தாங்க எனக்கு மனசு ஆறுச்சு" என்கிறாள்.

குழந்தை இன்று காலையிலிருந்து இரண்டே தடவைதான் இருமியது. அது யாரால் நின்றது என்று மட்டும் தயவுசெய்து கார்டு போட்டுக் கேட்க வேண்டாம். இன்னொரு விசாரணைக்கு எனக்குத் தெம்பில்லை.