அக்காவுக்குக் கொடுத்த பதினேழாம் நம்பர் டோக்கன்

தாமலில் வாழும் என் உடன்பிறந்த தமக்கை கமலவேணி அக்காவின் பாதங்களுக்கு, காஞ்சிபுரத்திலிருந்து தம்பி திருஞானசம்பந்தம் அநேக நமஸ்காரம். ஏகாம்பரநாதர் கிருபையால் இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீ என்னோடு பேசாமலிருக்கும்போது அப்படி எழுதினால் அது சுத்தப் பொய்.

இருபது தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நேரில் வந்து உன் காலில் விழ வேண்டும் என்று தினமும் கிளம்புகிறேன், அக்கா. வாசலைத் தாண்டுவதற்குள் நூல்காரன் வருகிறான், சாயக்காரன் வருகிறான், துபாயிலிருந்து வீடியோவில் ஒரு அம்மா பொடவையை விரிச்சுக் காட்டச் சொல்றா. இந்தா இருக்குது தாமல், பன்னெண்டு கிலோமீட்டர். இதுக்கு எனக்கு ரெண்டு வாரமா நேரம் கெடைக்கல. த்தூ, நானும் ஒரு மனுசன்!

எல்லாம் அந்த ஒருநாள் வகுப்பால வந்த வெனைக்கா. ரெண்டு தறி முப்பத்திரெண்டு தறியாச்சே, நேரத்தைச் சமாளிக்கக் கத்துக்கலாம்னு சென்னைக்குப் போனேன். கோட்டு போட்ட ஒருத்தன், நாளைக் கால்மணி கால்மணியா நறுக்கு, சொல்லாம வர்றவன் உன் நேரத்தைத் திருட வர்றவன்னான். நான் அதை வேதவாக்கா எடுத்துக்கினு கடையில டோக்கன் மெஷினே வெச்சிட்டேன். சவரக்கடையில கால்மணி முடிஞ்சிடுச்சுன்னு ஒரு கன்னம் மழிச்சதோட எழுந்து வந்து வீடியோவுல உட்கார்ந்தேன். கோயில்ல குருக்கள் தட்டை எடுத்துக்கினு வர்றதுக்குள்ள செருப்பை மாட்டிட்டேன். வீட்டுக்காரி, "நான் எத்தினி மணிக்கு சோறு போடணும், அதுக்கும் டோக்கன் குடுங்க"ன்னா. சிரிச்சேன். அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

கொலதெய்வத்துக்கு அடுத்து மொதப் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான்னு, வெத்தல பாக்குத் தட்டைத் தூக்கிக்கினு, ரெண்டு பஸ் மாறி, மங்கையர்க்கரசி கல்யாணத்துக்கு அழைக்க வந்தே. அந்த தேவிப்ரியா கடைக்குப் புதுசுக்கா, பாவம், உன்னை அதுக்குத் தெரியாது. பேரு, ஊரு, இன்னா விசேஷம், இன்னா தேதின்னு கேட்டு எழுதிக்கினு பதினேழாம் நம்பர் டோக்கனைக் குடுத்து உட்கார வெச்சிடுச்சு. ஒண்ணேமுக்கா மணி நேரம் உட்கார்ந்திருந்தியாமே. அதைக்கூடப் பொறுத்துக்குவே. காதுல போனை வெச்சிக்கினு ரெண்டு தடவை உன் எதிர்ல போனேனே, ரெண்டாவது தடவை மூஞ்சியைக்கூடப் பார்க்காம, "உட்காருங்கம்மா, இதோ பசங்க காட்டுவாங்க"ன்னேனே, அதை எப்படிக்கா பொறுப்பே? கூடப் பொறந்தவளைப் பார்த்து உட்காருங்கம்மாவாம்! தட்டோட எழுந்து போயிட்டே. சாயங்காலம் நோட்டைப் புரட்டறப்ப "கமலவேணி, தாமல், கல்யாணம்"னு பார்த்தேன், உடனே உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கல. அதுக்குள்ள மெஷின் வேற உனக்கு மெசேஜ் அனுப்பிடுச்சு, எங்க சேவைக்கு எத்தினி நட்சத்திரம் தருவீங்கன்னு.

என் மொதத் தறியில அறுந்த இழையை முடிச்சுப் போட ஆளில்லாம நான் முழிச்சப்ப, ஆடி மாசம் பூரா கைக்கொழந்தை மங்கையை மடியில போட்டுக்கினு வந்து உட்கார்ந்தியே, எந்த டோக்கனை எடுத்துக்கினு வந்தே?

மெஷினை நேத்தே பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். நோட்டுல இருக்கிற தேதிப்படி கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்குது. அன்னிக்குக் கடைக்கே பூட்டு. மங்கைக்கு அரக்குப் பொடவை தறியில இருக்குது, நானே அறுத்து எடுத்துக்கினு வருவேன். நீ தட்டு வெக்காட்டியும் வருவேன், வாசல்ல நிக்க வெச்சாலும் நிப்பேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு நெத்தியில மாமன் பட்டம் கட்டறது என் கையாத்தான் இருக்கணும். கோவத்துல வேற யாரையும் அந்த எடத்துல நிறுத்திடாதக்கா.

மாமாவுக்கு என் வணக்கம். மங்கை தீர்க்க சுமங்கலியாக, மாப்பிள்ளையோடு பதினாறும் பெற்று வாழ அம்மன் துணையிருப்பாள்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
சம்பந்தம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி, உங்க ஊர்க்காரன்தானேன்னு நம்ம கடை டிரைவர் தர்மன்கிட்ட குடுத்தேன். "அக்கா மறுவீட்டுக்கு இல்ல போயிருப்பாங்க"ன்றான். கல்யாணம் முந்தாநாளே முடிஞ்சுபோச்சாமே! தேவிப்ரியாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அது அழுதுக்கினே, "பொடவை சீக்கிரம் கெடைக்கணும்னு கல்யாணக்காரங்க தேதியை முன்னாடி தள்ளிச் சொல்வாங்க, பத்து நாள் கூட்டி எழுதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க"ன்னுது. நான்தான் சொன்னேன். "பட்டம் யாருடா கட்டினது?"ன்னு தர்மனைக் கேட்டேன். "அக்கா கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கினு இருந்தாங்க சார். முகூர்த்தம் தாண்டுதுன்னு ஐயர் சத்தம் போட்டாரு. என்னை நிக்கச் சொன்னாங்க. நீங்க இன்னா சொல்வீங்களோன்னு பயந்துக்கினு சொல்லல"ன்னான். முந்தாநாள் அவன் அரை நாள் லீவு கேட்டப்ப எதுக்குன்னு கேக்க எனக்கு நேரமில்ல. நான்தான்க்கா லீவு குடுத்தேன்.